அடுத்து எந்தப் புத்தகம்? குடும்ப நாவல் முதல் புரோகிராமிங் கையேடு வரை தேர்ந்தெடுக்கும் முறை

வாங்கிய புத்தகம் பாதியிலேயே நின்றுபோனால் பழியைப் புத்தகத்தின் மேல் போடுகிறோம். பெரும்பாலும் கோளாறு நாம் சோதித்த விதத்தில்தான் இருக்கிறது. கதைப் புத்தகத்தை நாலு பேர் சொன்னார்கள் என்று வாங்குகிறோம். புரோகிராமிங் புத்தகத்தை அதன் தடிமனைப் பார்த்து வாங்குகிறோம். கதையைக் காதால் சோதிக்க வேண்டும். நடுவில் இரண்டு பக்கம் படித்தால் அந்தக் குரல் நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். புரோகிராமிங் புத்தகத்தைக் கையால் சோதிக்க வேண்டும். அதிலுள்ள நிரலை, அதாவது கணினிக்குத் தரும் கட்டளைகளை, தட்டி ஓட்டிப் பார்த்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் நூலகத்துக்கோ கடைக்கோ போக வேண்டும். கடையில் நின்றுகொண்டு யோசித்தால் அட்டைப்படம்தான் ஜெயிக்கும்.

1. முதலில் ஒரு நோட்டு, இரண்டு பட்டியல்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கத்தில் நீங்கள் கடைசியாக முழுதாகப் படித்து முடித்த ஐந்து புத்தகங்கள். வலது பக்கத்தில் பாதியில் விட்ட மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றையும் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்ற குறிப்போடு.

வலது பக்கம்தான் முக்கியம். 15ஆம் பக்கத்தில் விட்டது என்றால் நடை பிடிக்கவில்லை. 150இல் விட்டது என்றால் நடை பிடித்திருக்கிறது, கதை இழுத்திருக்கிறது. புரோகிராமிங் புத்தகத்தை இரண்டாம் அத்தியாயத்தில் விட்டிருந்தால் அநேகமாக மென்பொருள் நிறுவும் இடத்தில் சிக்கியிருப்பீர்கள். ஐந்தாம் அத்தியாயம் என்றால் பயிற்சிகளைச் செய்யாமல் வெறுமனே வாசித்துக்கொண்டே போயிருப்பீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

குடும்ப நாவல் நிறையப் படிப்பவர்களுக்கு இந்த நோட்டு இன்னொரு வகையிலும் உதவும். தலைப்புகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும், பூவும் நிலவும் மாறி மாறி வரும். நாற்பது பக்கம் போன பிறகுதான் ஏற்கெனவே படித்தது என்று உறைக்கும். தலைப்பு, எழுத்தாளர் பெயர், கதாநாயகி பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் குறி போட வேண்டாம்.

2. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"நல்ல புத்தகம் வேண்டும்" என்று எழுதினால் அது தேவை ஆகாது. எந்த நேரத்தில், எதற்காக என்ற இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். "ராத்திரி வேலை முடிந்து படுக்கும் முன் அரை மணி நேரம் மனசு லேசாக." "ஆறு வாரத்தில் அலுவலக எக்செல் வேலையைப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் செய்யப் பழக." "ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியம்மாவுக்கு, படுத்தபடி பிடித்துப் படிக்க."

மூன்றாவது வரியைப் பாருங்கள். அதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிட்டது: எடை குறைவாக, எழுத்து பெரிதாக, சாவும் நோயும் இல்லாத கதை. எழுத்தாளர் பெயரெல்லாம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

ஒரே புத்தகத்திடம் இரண்டு காரியம் கேட்காதீர்கள். தூக்கம் வரும் நேரத்துக்குப் புரோகிராமிங் கையேடு வேண்டாம், அதற்கு நிமிர்ந்து உட்கார்ந்து கீபோர்டைத் தட்ட வேண்டும். கதையும் கையேடும் இரண்டுமே வேண்டுமென்றால் இரண்டு வரி எழுதி, இரண்டு புத்தகமாகவே தேடுங்கள்.

3. உங்கள் வேகத்தை அளந்துவிடுங்கள்

ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பத்து நிமிடம் அலாரம் வைத்துப் படியுங்கள். எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். ஆறு பக்கம் என்றால் 280 பக்க நாவலுக்கு ஏறக்குறைய 470 நிமிடம். தினம் அரை மணி என்றால் 16 நாள். நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தைத் தவணைக்குள் திருப்பித் தர முடியுமா என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

புரோகிராமிங் புத்தகத்துக்கு இந்த வேகம் செல்லாது. ஒரு நிரலைத் தட்டி, பிழை வந்து, திருத்தி, மறுபடி ஓட்டுவதற்குள் கால் மணி போய்விடும். மணிக்கு எட்டுப் பக்கம் என்று வைத்தால் 500 பக்கப் புத்தகத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் ஒரு மணி உட்கார்ந்தாலும் இரண்டு மாதம். ஆறு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் 300 பக்கத்துக்குள் தேடுங்கள், அல்லது எந்த அத்தியாயம் வரை என்று முன்பே முடிவு செய்யுங்கள். 900 பக்கப் புத்தகத்தை வாங்கி வைத்தால் அது மானிட்டரை உயர்த்தி வைக்கத்தான் பயன்படும்.

4. கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

அட்டையைத் திருப்பி, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரப் பக்கத்துக்கு நேராகப் போங்கள்.

அங்கே "ஐந்தாம் பதிப்பு" என்று இருந்தால் ஐந்து முறை திருத்தினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்ப் பதிப்பகங்களில் பலவும் ஒவ்வொரு மறு அச்சையும் பதிப்பு என்றே எண்ணுகின்றன. "திருத்திய பதிப்பு", "விரிவாக்கிய பதிப்பு" என்று தனியாகச் சொல்லியிருந்தால்தான் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. நாவலுக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. புரோகிராமிங் புத்தகத்தில் இதுதான் எல்லாம்: 2023இல் அச்சடித்தது என்று இருக்கும், முதற் பதிப்பு 2009 என்று இருக்கும். அப்போது உள்ளே இருப்பது 2009ஆம் ஆண்டின் சரக்கு.

சந்தேகம் தீர, ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைப் பாருங்கள். திருத்திய பதிப்புக்குப் புது எண் தர வேண்டும், வெறும் மறு அச்சுக்குப் பழைய எண்ணே தொடரும். எண்ணை இணையத்தில் தேடினால் அது எந்த ஆண்டுப் பதிப்பு, அதற்குப் பிறகு வேறு வந்திருக்கிறதா என்று தெரியும். 2007 ஜனவரி முதல் இந்த எண் 13 இலக்கமாக மாறிவிட்டது. 10 இலக்கம் மட்டுமே அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய புத்தகம். பழைய புத்தகக் கடையில் அட்டை புதிதாக மின்னினாலும் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து பக்கங்கள். புத்தகம் பாரம் பாரமாக அச்சாகிறது. பாரம் என்பது அச்சடித்து மடித்த ஒரு பெரிய தாள், வழக்கமாக ஒரு பாரத்துக்கு 16 பக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டாலோ இரண்டு முறை சேர்ந்துவிட்டாலோ பதினாறு பக்கம் மொத்தமாகப் போகும் அல்லது திரும்ப வரும். அதனால் எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டாம். 16-17, 32-33, 48-49 என்று பாரம் சேரும் இடங்களில் மட்டும் எண் தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு நிமிட வேலை. கதையின் கடைசி பாரம் இல்லாமல் போகிற எரிச்சல் இதில் தவிர்ந்துவிடும்.

பைண்டிங்கையும் பாருங்கள். பசையில் மட்டும் ஒட்டிய தடிமனான புத்தகம் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும், அழுத்தினால் முதுகு பிளந்து தாள் உதிரும். நாவலைக் கையில் பிடித்துத்தான் படிக்கிறோம், பரவாயில்லை. புரோகிராமிங் புத்தகம் கீபோர்டுக்குப் பக்கத்தில் தானாக விரிந்து கிடக்க வேண்டும். நடுப் பக்கத்தை விரித்துக் கையை எடுங்கள், மூடிக்கொண்டால் தையல் போட்ட பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

5. மனசுக்கு இதமான குடும்ப நாவல் தேர்ந்தெடுக்க

பின்னட்டைக் குறிப்பில் தொடங்குங்கள், ஆனால் அதில் கதைச் சுருக்கத்தைத் தேடாதீர்கள். குறிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். "அவள் என்ன முடிவெடுத்தாள்?" என்று கேட்டு நின்றால் கதை அவளைச் சுற்றிப் போகும். "அவன் அவளை மன்னித்தானா?" என்று நின்றால் அவள் பெரும்பாலும் அழுதுகொண்டிருப்பாள். இதமான கதை தேடுபவருக்கு இந்த ஒரு வித்தியாசமே பல புத்தகங்களைக் கழித்துத் தந்துவிடும்.

பிறகு முதல் மூன்று பக்கம். அதோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். எந்த எழுத்தாளரும் முதல் அத்தியாயத்தைத்தான் நான்கு முறை திருத்துவார். 280 பக்கப் புத்தகம் என்றால் 140க்குப் போய் இரண்டு பக்கம் படியுங்கள். கதை புரியாது, புரியத் தேவையுமில்லை. மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, பேச்சு. யார் பேசுகிறார் என்ற குறிப்பை விரலால் மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் படியுங்கள். மாமியார் பேசுவதும் கல்லூரிப் பெண் பேசுவதும் ஒன்றாகவே இருந்தால் மீதி 140 பக்கமும் அப்படித்தான் இருக்கும். கோயம்புத்தூர்க் குடும்பம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் டிவி செய்தி மாதிரி பேசினால் கதை நெஞ்சில் ஒட்டாது.

இரண்டு, வேலை. அந்த இரண்டு பக்கத்தில் யாராவது ஏதாவது செய்கிறார்களா? தோசை வார்ப்பது, பஸ்ஸுக்கு ஓடுவது, கணக்கு எழுதுவது என்று எதுவானாலும் சரி. மனசுக்கு இதம் தருவது இந்தச் சின்ன வேலைகள்தான். இரண்டு பக்கமும் கதாநாயகனின் கூர்மையான பார்வையைப் பற்றியே இருந்தால் வைத்துவிடுங்கள்.

மூன்று, கை. பழைய குடும்ப நாவல்களிலும் இப்போது வரும் ஆன்டி ஹீரோ கதைகளிலும் அறைவது, மிரட்டுவது, சம்மதமில்லாமல் தாலி கட்டுவது எல்லாம் காதலின் ஆரம்பமாக வரும். அதைத் தெரிந்தே விரும்பிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். ஆனால் லேசான கதை என்று நினைத்து, விவாகரத்து வழக்கில் அலைந்துகொண்டிருக்கும் தோழிக்கு இதைக் கொடுத்துவிடக் கூடாது. பின்னட்டையில் "முரடன்", "திமிர்", "பழிவாங்க மணந்தான்" என்று இருந்தால் அந்த வகைதான்.

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கலாமா? இதம்தான் தேவை என்றால் தாராளமாகப் படிக்கலாம். இது துப்பறியும் கதை இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. உடம்பு சரியில்லாதவருக்குக் கொடுக்கும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் பார்க்காமல் கொடுக்கவே கூடாது.

மாத நாவல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அட்டையில் ஒரு தலைப்பு, உள்ளே இரண்டு கதை என்று சில வரும். இரண்டாவது வேறு எழுத்தாளருடையதாகவோ பழைய கதையின் மறு அச்சாகவோ இருக்கலாம். முதல் பக்கத்தையும் நடுவையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாள் நியூஸ்பிரிண்டாக இருந்தால் சில வருடத்திலேயே மஞ்சளாகும். பயணத்துக்குச் சரி, அலமாரிக்கு ஆகாது.

இணையத்தில் தொடராக வரும் நாவல்களுக்கு விதி வேறு. "முடிவுற்றது" என்று போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எழுத்தாளர் பாதியில் நிறுத்திய தொடர்கள் நிறைய உண்டு, நாற்பது எபி (எபிசோடு) படித்துவிட்டுக் காத்திருப்பது கொடுமை. முடிந்த கதைகளையும் பல எழுத்தாளர்கள் சில நாள் மட்டும் வைத்திருந்து, கிண்டிலிலோ அச்சிலோ வெளியிடும்போது எடுத்துவிடுவார்கள். லிங்க் எடுக்கும் தேதியை அறிவித்திருந்தால் மூன்றாம் படியில் போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். முடியாது என்றால் தொடங்காமல் அச்சில் வரும்வரை விட்டுவிடலாம்.

6. புரோகிராமிங் புத்தகம்: முதலில் வகை

கடை அலமாரியில் ஒன்றாக நிற்கும் புத்தகங்கள் நான்கு வகை. மாற்றி எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

பயிற்சி நூல்: பொருளடக்கம் எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும். மாறிகள், நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு, கோப்பு என்று வரிசை இருக்கும். ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் பயிற்சி இருக்கும். தொடங்குபவருக்கு வேண்டியது இதுதான்.

உசாத்துணை: எல்லாக் கட்டளைகளும் வகைபிரித்தோ அகரவரிசையிலோ அடுக்கப்பட்டிருக்கும். பயிற்சி இருக்காது. ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர் திறந்து பார்த்து மூடுவதற்கு. இதைப் பக்கம் ஒன்றிலிருந்து படிப்பது அகராதியைப் படிப்பது மாதிரி.

பாடத்திட்ட நூல்: "அலகு 1, அலகு 2" என்று பிரித்து இரண்டு மதிப்பெண் வினாக்களோடு வரும். பரீட்சைக்கு நல்லது, நிரல் எழுதப் பழக அல்ல.

நேர்முகத் தேர்வுக்கான வினா விடை: எதையும் கற்றுத்தராது, கற்றதை நினைவுபடுத்தும். "முப்பது நாளில்" என்று தலைப்புள்ளவற்றில் சில உண்மையில் இந்த வகைதான், அட்டை மட்டும் வேறு.

7. அடுத்து வயது

எந்த ஆண்டுச் சரக்கு என்பதைப் பதிப்புப் பக்கம் மறைத்தாலும் நிரல் மறைக்காது. மொழிக்கு மொழி அடையாளம் உண்டு.

பைத்தான்: முதல் நிரலைப் பாருங்கள். பிரிண்ட் என்ற சொல்லுக்கு அடுத்து அடைப்புக்குறி இல்லாமல் நேரே மேற்கோள் குறி வந்தால் அது பைத்தான் 2 புத்தகம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்றைய பைத்தானில் தட்டினால் அடைப்புக்குறி இல்லை என்று பிழை வரும். புதியவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து ஒரு மணி நேரம் முட்டிக்கொள்வார். பைத்தான் 3 புத்தகங்களிலும், மேற்கோள் குறிக்கு முன்னால் எஃப் என்ற ஒற்றை எழுத்து வரும் சரங்கள் (மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்கள்) எங்கேயும் இல்லையென்றால் 2016க்கு முந்தைய பழக்கத்தில் எழுதியது. அது ஓடும், ஆனால் இன்று பலரும் அப்படி எழுதுவதில்லை.

சி: நம் கல்லூரிகளில் டர்போ சி என்ற பழைய மென்பொருள் வெகுகாலம் உட்கார்ந்திருந்ததால் இந்தத் தொல்லை இங்கே அதிகம். கோனியோ தலைப்புக் கோப்பு, திரையைத் துடைக்கும் கட்டளை, கடைசி வரியில் கெட்ச் ஆகியவை எல்லா நிரலிலும் இருந்தால் அது டர்போ சிக்காக எழுதியது. லினக்ஸில் ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரில் தட்டினால் அந்தக் கோப்பே இல்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும். அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டால் மீதி பெரும்பாலும் ஓடும். எனவே இலவசமாகக் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டாம்.

சி பிளஸ் பிளஸ்: ஐஓஸ்ட்ரீம் என்பதோடு புள்ளி ஹெச் ஒட்டியிருந்தால் 1998இல் வந்த தரத்துக்கு முந்தைய வழக்கம். தொடவே வேண்டாம்.

ஜாவா: ஆப்லெட்டுக்கு முழு அத்தியாயம் ஒதுக்கியிருந்தால் பழசு, 2017இல் வந்த ஜாவா 9இலேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். லாம்டா என்ற சொல் பொருளடக்கத்தில் இல்லையென்றால் 2014இல் வந்த ஜாவா 8ஐக்கூட அந்தப் புத்தகம் பார்க்கவில்லை.

வலைத்தளம் செய்வது: எழுத்து நிறத்துக்கு ஃபாண்ட் டேக், நடுவில் வைக்க சென்டர் டேக், ஓடும் எழுத்துக்கு மார்க்கீ. இந்த மூன்றும் கற்றுத்தந்தால் வைத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் லெட், கான்ஸ்ட் இரண்டும் 2015இல் வந்தன. அவற்றுக்குப் பதில் புத்தகம் முழுக்க வார் என்ற சொல் மட்டுமே இருந்தால் அதற்கு முந்தைய பழக்கம். பிஹெச்பியில் மைஎஸ்க்யூஎல் குவெரி என்ற பழைய செயற்கூறு 2015 கடைசியில் வந்த பதிப்பு 7இல் நீக்கப்பட்டுவிட்டது, அதை வைத்து எழுதிய நிரல் இன்று ஓடாது.

ஆண்ட்ராய்டு: செயலி எழுத எக்லிப்ஸ் என்ற மென்பொருளை நிறுவச் சொல்லும் புத்தகத்தைத் திறந்த இடத்திலேயே மூடலாம்.

எல்லாமே சீக்கிரம் கெடுவதில்லை. எஸ்க்யூஎல் அடிப்படை, தரவுக் கட்டமைப்பு, அல்காரிதம் ஆகியவற்றுக்குப் பதினைந்து வருடப் பழைய புத்தகமும் கெடாது. பழைய புத்தகக் கடையில் காசு போட வேண்டிய இடம் இதுதான். மென்பொருளின் திரைப் படங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் புத்தகம் கெடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் இடம் மாறினால் போதும், அந்தப் பக்கம் செத்தது.

8. பிறகு ஓட்டிப் பார்ப்பது

வகையும் வயதும் தேறிய புத்தகங்களை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுங்கள். இருபது நிமிடம் ஆகும்.

நூலகத்திலேயே கையில் இருக்கும் போனில் செய்யலாம். உலாவியில் ஓடும் பைத்தான் தளங்கள் இலவசமாக உண்டு. மூன்றாம் அத்தியாயத்தின் முதல் நிரலை எடுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், வணக்கம் சொல்லும் நிரல் எல்லாப் புத்தகத்திலும் ஓடும். பார்த்து எழுத்துக்கு எழுத்துத் தட்டுங்கள். ஓடவில்லையென்றால் ஒருமுறை சரிபார்த்து, அடுத்த நிரலுக்குப் போங்கள். மூன்றில் இரண்டு ஓடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை யாரும் ஓட்டிப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பைத்தானில் தனியாக ஒன்று கவனியுங்கள். வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் அங்கே இலக்கணம். அச்சுக் கோக்கும்போது அந்த இடைவெளி சமமில்லாமல் போயிருந்தால், இஃப் என்ற வரிக்குள் எது வருகிறது, வெளியே எது நிற்கிறது என்றே தெரியாது. இஃப், ஃபார் வரும் பக்கத்தைத் திறந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உள்ளே வரும் வரிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தொடங்க வேண்டும்.

நிரல் ஓடினால் இன்னும் மூன்று. பிழைச் செய்திகளை எடுத்துக் காட்டி விளக்கும் பக்கங்கள் உண்டா? பயிற்சிகளுக்கு விடை கடைசியிலோ இணையத்திலோ உண்டா? எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு உண்டா? தமிழ்ப் புத்தகங்களில் சொல்லடைவு அபூர்வம், அதனால் அது இருந்தால் கூடுதலாக நம்பலாம். விடை இல்லாத பயிற்சி, தனியாகக் கற்பவருக்குச் சுவரில் போய் முட்டுவது மாதிரி.

ஒரே நாளில் சி, ஜாவா, பைத்தான் மூன்றும் வாங்காதீர்கள். ஒன்றில் கோப்பைத் திறந்து படித்து எழுதும் அளவுக்கு வந்த பிறகு அடுத்தது. மூன்றுக்கும் முதல் நான்கு அத்தியாயம் ஒன்றுதான். அதையே மூன்று முறை படித்துவிட்டுக் கற்றதாக நினைக்கிறவர்கள்தான் அதிகம்.

9. தமிழிலா, ஆங்கிலத்திலா

கதைக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. புரோகிராமிங்குக்கு ஒரு பக்கச் சோதனை உண்டு. ஆங்கிலக் கையேட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்து, விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குங்கள். கலைச்சொல்லை எண்ணாதீர்கள், சாதாரண ஆங்கிலச் சொல்லை மட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் முதல் புத்தகம் தமிழில் இருக்கட்டும்.

தமிழ்ப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது கலைச்சொல். மாறி, அணி, செயற்கூறு என்று தூய தமிழில் எழுதுவது அழகுதான். ஆனால் கணினி பிழைச் செய்தியை ஆங்கிலத்தில்தான் சொல்லும். முதல்முறை வரும் இடத்தில் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தராத புத்தகத்தைப் படித்தவர், வேரியபிள் என்று திரையில் வந்ததும் திகைத்து நிற்பார். கணியம் அறக்கட்டளை இலவசமாக வெளியிடும் "எளிய தமிழில்" வரிசை நூல்களை முதலில் இறக்கிப் பாருங்கள். காசு செலவில்லாமல், தமிழில் கற்பது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும்.

10. தாளா, திரையா

நாவலுக்குப் போனே போதும், இபப் வடிவமாக இருந்தால். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானே மடங்கி அடங்கும். பிடிஎஃப் அப்படி மடங்காது, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். பழைய தமிழ் பிடிஎஃப்களில் இன்னொரு சிக்கல்: ஒரு சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது, தேடவும் முடியாது, திரை வாசிப்பானும் படிக்காது.

நிரலுக்கு நேர் எதிர். சின்னத் திரையில் நீள வரிகள் மடங்கி, எது புது வரி, எது மடங்கிய வரி என்று தெரியாமல் போகும். மடிக்கணினியில் பிடிஎஃப், அல்லது தாள். மின்நூலிலிருந்து நிரலை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதும் ஆபத்து: நேரான மேற்கோள் குறி அச்சுக்காக வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பைத்தான் மட்டும் செல்லாத எழுத்து என்று நின்றுவிடும். அந்தக் குறிகளை அழித்துவிட்டுக் கையால் தட்டினால் சரியாகிவிடும். எப்படியும் கையால் தட்டுவதுதான் பழக ஒரே வழி.

இன்னொன்று: மின்நூலின் இலவச மாதிரி, புத்தகத்தின் தொடக்கப் பகுதி மட்டுமே. தமிழ்ப் புத்தகங்களில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை என்று அதையே நிரப்பிவிடுவார்கள். மாதிரியில் கதை வரவில்லை என்றால் அந்த எழுத்தாளரின் வேறு புத்தகத்தின் மாதிரியை இறக்கிப் பாருங்கள்.

11. எங்கே, எந்த வரிசையில்

நூலகம் முதலில், பழைய புத்தகக் கடை அடுத்து, புதுப் புத்தகம் கடைசியில். பொருளுக்கு ஓர் எண் தந்து பிரிக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் தமிழ்ப் புனைகதை 894.8113, புரோகிராமிங் மொழிகள் 005.133, தரவுத்தளம் 005.74 என்ற எண்களில் கிடைக்கும். புரோகிராமிங் தேடுபவர்கள் 004இல் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடுவார்கள், அது பொதுவான கணினி நூல்களுக்கான இடம். சின்னக் கிளை நூலகங்களில் எண் வரிசை கலைந்திருக்கும். இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு வரியை நூலகரிடம் காட்டிக் கேட்பது வேகம்.

சென்னைப் புத்தகக் காட்சியில் ஜனவரியில் பத்து சதவீதம் தள்ளுபடி வழக்கம். 400 ரூபாய்ப் புத்தகத்தில் மிச்சம் 40 ரூபாய். அந்த நாற்பதுக்காக, தேவையில்லாத நான்கு புத்தகம் வாங்குவதுதான் அங்கே நடக்கும் பெரிய நஷ்டம். முதல் சுற்றில் பணத்தை எடுக்காதீர்கள். அரங்கு எண்ணையும் தலைப்பையும் நோட்டில் குறித்து, ஒரு டீ குடித்துவிட்டு, எழுதிய வரியோடு ஒத்துப்போகிறதை மட்டும் இரண்டாம் சுற்றில் வாங்குங்கள். வார நாள் மதியம் போனால் நின்று நடுப்பக்கம் படிக்க இடம் கிடைக்கும். ஞாயிறு மாலை கூட்டத்தில் அட்டையைத்தான் பார்க்க முடியும்.

பிளாட்பாரத்தில் பாதி விலைக்கு வரும் ஆங்கிலக் கையேடுகளில் திருட்டு அச்சு கலந்திருக்கும். நிரல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் பிரித்தறிய முடியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை வைத்து எதையும் ஓட்ட முடியாது.

12. எப்போது நிறுத்துவது

நாவலுக்கு ஐம்பது பக்கம். அதற்குள் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை போகவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். எந்தப் பக்கம் என்று நோட்டின் வலது பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

புரோகிராமிங் புத்தகத்தை அப்படி விட முடியாது. ஒரு பயிற்சியில் இரண்டு நாள் சிக்கினால் முந்தைய அத்தியாயத்தின் கடைசிப் பயிற்சிக்குத் திரும்பி, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். அது வந்துவிட்டால் கோளாறு புத்தகத்தின் விளக்கத்தில் இருக்கிறது. அந்த ஒரு தலைப்பை மட்டும் வேறு நூலில் படித்துவிட்டு இதற்கே திரும்பி வாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் அவசரப்பட்டு வந்திருக்கிறீர்கள், இரண்டு அத்தியாயம் பின்னால் போக வேண்டியதுதான்.

பாரம் விடுபட்ட பிரதி என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் பேசாமல் வைத்துக்கொள்ள வேண்டாம். பக்க எண் தெரிய ஒரு படம் எடுத்து, ரசீதோடு பதிப்பகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் வேறு பிரதி தருவார்கள். அதனால் ரசீதை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள், படித்து முடிக்கும்வரை அடையாளத் தாளாகவும் இருக்கும்.